ஆங்கில வீட்டுப்பாடம்: இலக்கணத்துக்கும் இலக்கியத்துக்கும் வீட்டில் உதவுதல்

கோலா கங்சார் மாவட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டை முடிக்கும் பிள்ளைக்கு, அடுத்த ஆண்டு படிவம் ஒன்றில் நுழைந்ததும் பாடமொழி மாறிவிடுகிறது. சுங்கை சிப்புட், பாடாங் ரெங்காஸ், மானோங் என எங்கிருந்து வந்தாலும் இதே நிலைதான்: ஆறு ஆண்டுகள் தமிழில் படித்தவர்கள் இனி மலாயில் படிக்க வேண்டும். மலாய்மொழியில் போதிய தேர்ச்சி இல்லாதவர்கள் இடையில் ஓராண்டு புகுமுக வகுப்பில் இருக்க நேரும். அதனால் வீட்டின் கவலை முழுவதும் மலாயின் பக்கம் சாய்கிறது. அது நியாயமானதே. ஆனால் அந்த ஆண்டுகளில் ஆங்கிலம் கவனிப்பாரற்றுப் போகிறது.

ஆறாம் ஆண்டுத் தேர்வான யு.பி.எஸ்.ஆர். 2021இலும் மூன்றாம் படிவத் தேர்வான பி.டி.3 2022இலும் நீக்கப்பட்டன. அதன்பின் படித்த பிள்ளைகள் பலருக்கு நாடு தழுவிய முதல் பெரிய தேர்வே ஐந்தாம் படிவத்து எஸ்.பி.எம். ஆகிவிட்டது. பிள்ளையின் ஆங்கிலம் எங்கே நிற்கிறது என்பதைப் பெற்றோருக்கு முன்கூட்டியே காட்டக்கூடியது வீட்டுப்பாட நோட்டுதான். அதை வாரம் ஒருமுறையாவது புரட்டிப் பார்க்கும் வீட்டுக்கு ஐந்தாம் படிவத்தில் அதிர்ச்சி இருக்காது.

உதவ யாருக்குத் தகுதி உண்டு என்ற தயக்கம் பல வீடுகளில் உள்ளது. ஆங்கிலவழிப் பள்ளிகள் 1970 முதல் ஆண்டுக்கு ஒரு வகுப்பாக மலாய்வழிக்கு மாறின. அதற்கு முன் கோலா கங்சாரின் கிளிஃபர்ட் பள்ளி போன்ற இடங்களில் படித்த தாத்தாவுக்கு இன்றைய இளைஞரைவிட நல்ல ஆங்கிலம் தெரிந்திருக்கும். பால்மரம் வெட்டிய பாட்டிக்கு ஓர் எழுத்தும் தெரியாமல் இருக்கலாம். இருவரும் உதவலாம். ஆங்கிலம் தெரிந்தவர் தொடர்களைப் பார்க்கட்டும். தெரியாதவர், பிள்ளை படித்ததைத் தமிழில் சொல்லச் சொல்லிக் கேட்கட்டும். கதையை முழுதாகப் புரிந்துகொள்ளாத பிள்ளையால் பாட்டியிடம் அதைக் கோவையாகச் சொல்ல முடியாது. எங்கே தடுமாறுகிறதோ அங்கேதான் பாடம் புரியவில்லை.

கோயில் மண்டபங்களிலும் பொது மண்டபங்களிலும் நடக்கும் மாலை வகுப்புகளும் இந்தச் சமூகத்துக்குப் பழக்கமானவை. 1982இல் தொடங்கப்பட்ட ஸ்ரீ முருகன் நிலையம் நாடெங்கும் அந்த வழியை விரிவாக்கியது. இந்த அத்தியாயம் வீட்டில் உதவுபவரையும், அத்தகைய வகுப்பில் நாலைந்து பிள்ளைகளுடன் அமரும் தொண்டரையும் மனத்தில் கொண்டது. இதில் சொல்லப்படும் முறைக்கு அடிப்படை ஒன்றே: பிள்ளைக்கு ஏற்கெனவே இரண்டு மொழிகள் தெரியும், மூன்றாவதை அவற்றின் துணையோடு கற்பிக்க வேண்டும்.

தொடங்கும் முன்

முதலில் கேட்க வேண்டியது விடையை அல்ல, வினாவை. பயிற்சியின் கட்டளை வரியைப் பிள்ளை உரக்கப் படித்து, என்ன செய்யச் சொல்கிறார்கள் என்று தமிழில் சொல்லட்டும். வீட்டுப்பாடத்தில் இழக்கும் மதிப்பெண்களில் கணிசமானவை இந்த வரியைத் தாண்டி ஓடுவதால் போகின்றன. பத்தியிலிருந்து சொல்லை எடுத்தெழுதச் சொன்ன இடத்தில் சொந்தச் சொல்லை எழுதுவதும், ஒரு காரணம் கேட்ட இடத்தில் மூன்று எழுதுவதும் இலக்கணப் பிழைகள் அல்ல. அவற்றை எந்த மொழியில் பேசியும் திருத்தலாம்.

அடுத்தது, பென்சில் பிள்ளையின் கையிலேயே இருக்க வேண்டும். நேரமாகிவிட்டது என்று அக்காவோ அண்ணனோ விடையைச் சொல்லி எழுதவைத்தால் நோட்டு அழகாகிவிடும். ஆசிரியருக்கோ பிள்ளையின் நிலை தெரியாமல் போய்விடும். பிழையோடு போகும் நோட்டு ஆசிரியருக்குச் செய்தி சொல்கிறது. பிறர் எழுதிக்கொடுத்த சரியான விடை அவருக்கு எதையும் சொல்வதில்லை.

பிழை எங்கிருந்து வருகிறது

இம்மாவட்டத்துத் தமிழ்ப்பிள்ளை செய்யும் ஆங்கிலப் பிழைகளில் பெரும்பகுதிக்குக் காரணம் உண்டு. சில தமிழிலிருந்து வருகின்றன, சில மலாயிலிருந்து; இரண்டு மொழியிலும் இல்லாத ஒன்றை ஆங்கிலம் கேட்பதால் வருபவை மீதி. எந்த வகை என்று தெரிந்தால் திருத்தம் பாதி முடிந்தது.

வினைச்சொல்லில் தொடங்கலாம். மலாயில் வினை ஆளுக்கு ஏற்ப மாறாது. ‘சயா பெர்கி’, ‘டியா பெர்கி’, ‘மெரேக்கா பெர்கி’ என்று நான், அவர், அவர்கள் என யார் போனாலும் ‘பெர்கி’தான். படிவம் ஒன்று முதல் நாள் முழுதும் அந்த மொழியில் எழுதும் பிள்ளை ‘ஷீ கோ டு ஸ்கூல்’ என்று எழுதுவதில் வியப்பில்லை. இங்கே தமிழைத் துணைக்கு அழைக்க வேண்டும். நான் போகிறேன், அவள் போகிறாள், அது போகிறது என்று தமிழ் வினை எழுவாயைப் பார்த்து ஒவ்வொரு முறையும் முடிவை மாற்றிக்கொள்கிறது. எழுவாய், பயனிலை, செயப்படுபொருள் மூன்றையும் தமிழ்ப்பள்ளியிலேயே படித்த பிள்ளைக்கு இந்தக் கருத்து புதிதல்ல. ஆங்கில நிகழ்காலத்தில் படர்க்கை ஒருமைக்கு மட்டும் ‘எஸ்’ சேர்கிறது என்று சொன்னால் போதும். தமிழில் வினை -ஆன், -ஆள், -அது என முடியும் இடத்தில் ஆங்கிலத்தில் ‘எஸ்’ வரும்.

இதில் ஒரு பொறி உண்டு. உதவுபவர் அதை முன்பே எடுத்துச்சொல்ல வேண்டும். ‘அப்பா போகிறார்’ என்பதில் வரும் -ஆர் மரியாதைக்கானது. அப்பா ஒருவர்தான், ஆகவே ஆங்கிலத்தில் ‘கோஸ்’. பேச்சுத்தமிழில் ‘பாட்டி வராங்க’ என்பது ஒலியில் பன்மை போலவே இருக்கிறது. அதனால்தான் மற்ற இடங்களில் ‘எஸ்’ஸைச் சரியாகப் போடும் பிள்ளையும் பாட்டியையும் ஆசிரியரையும் பற்றி எழுதும்போது விட்டுவிடுகிறது, சில வேளை பாட்டிக்கு ‘தே’ என்றும் எழுதிவிடுகிறது. ஆங்கில வினை மரியாதையைப் பார்ப்பதில்லை, படர்க்கையில் எண்ணிக்கையை மட்டுமே பார்க்கிறது.

காலத்துக்கும் தமிழே நல்ல துணை. மலாயில் ‘செமாலாம்’ என்று நேற்றைச் சொல்லிவிட்டால் வினை மாற வேண்டியதில்லை. ‘யெஸ்டர்டே ஐ கோ’ என்பது அங்கிருந்து வந்த வடிவம். போகிறேன், போனேன், போவேன் என்ற மூன்றையும் பிள்ளை வாயால் சொல்லிவிட்டு எழுதினால் காலம் தவறுவது குறையும். ‘கோ’ ‘வென்ட்’ ஆவது போன்ற ஒழுங்கற்ற வடிவங்களை மட்டும் மனப்பாடம் செய்தே ஆக வேண்டும். அதற்குக் குறுக்குவழி இல்லை. நாளுக்கு ஐந்து என்று வைத்துக்கொண்டால் சுமையும் இல்லை.

எதிர்மறையில் தமிழின் உதவி இன்னும் அழகானது. ‘ஐ டிட் நாட் வென்ட்’ என்பது படிவம் ஐந்திலும் காணக்கூடிய பிழை. ‘நான் நேற்றுப் போகவில்லை’ என்ற தொடரில் ‘போக’ என்பதற்குக் காலம் கிடையாது. அது வெறும் எச்சமாக நிற்கிறது. ஆங்கிலத்திலும் அப்படியே: ‘டிட்’ காலத்தைத் தன் தலையில் ஏற்றுக்கொண்டபின் ‘கோ’ வெறுமனே நிற்கிறது. இதை ஒருமுறை தாளில் எழுதிக்காட்டினால் பெரும்பாலான பிள்ளைகளுக்கு விளங்கிவிடும்.

‘ஹேஸ் கம்’ என்பதற்கும் ‘கேம்’ என்பதற்கும் உள்ள வேறுபாடு பலரைக் குழப்பும். மலாயில் இரண்டுக்கும் ‘சுடா’ போட்டுச் சொல்லிவிடலாம். அதனால்தான் ‘ஐ ஆல்ரெடி ஈட்’ பிறக்கிறது. தமிழில் ‘மாமா வந்தார்’, ‘மாமா வந்திருக்கிறார்’ என்று இரண்டு உண்டு. வந்திருக்கிறார் என்றால் மாமா இப்போது வீட்டில் இருக்கிறார். ‘ஹேஸ் கம்’ தரும் பொருளும் ஏறத்தாழ அதுவே. ஓர் எல்லையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தமிழில் ‘நேற்று வந்திருக்கிறார்’ என்று சொல்ல இடமுண்டு. ஆங்கிலத்தில் நேற்று, போன வாரம், 2019இல் என்று முடிந்துபோன நேரம் குறிக்கப்பட்டால் ‘கேம்’ மட்டுமே வரும்.

இதுவரை தமிழ் கைகொடுத்தது. பெயரை விரித்துச் சொல்லும் தொடர்களில் நிலைமை தலைகீழாகிறது. ‘நேற்று வந்த பையன் என் தம்பி’ என்பதில் விளக்கம் முன்னே வந்து பெயர் பின்னே வருகிறது. இந்த வரிசையில் நினைக்கும் பிள்ளையால் ஆங்கிலத் தொடரைக் கட்டவே முடிவதில்லை. இரண்டு குட்டித் தொடர்களாக உடைத்துவிடுகிறது. மலாயில் சொல்லிப்பார்த்தால் வழி தெரிகிறது: ‘புடாக் யாங் டாதாங் செமாலாம்’. பெயர், பிறகு ‘யாங்’, பிறகு விளக்கம். ஆங்கிலத்தின் ‘த பாய் ஹூ கேம் யெஸ்டர்டே’ அதே வரிசை. ‘யாங்’ வரும் இடத்தில் ஆளுக்கு ‘ஹூ’, பொருளுக்கு ‘விச்’ என்று பிரித்துக்கொள்வது மட்டுமே புதிது. மலாய் ஆங்கிலத்தைக் கெடுக்கிறது என்ற பேச்சு அடிக்கடி கேட்கிறது. இந்த ஓர் இடமே அதற்குப் போதிய மறுப்பு.

இரண்டு மொழியும் உதவாத இடங்களும் உண்டு. ‘அவர் ஆசிரியர்’, ‘டியா குரு’ இரண்டிலும் வினை இல்லை. ஆகவே ‘ஹி டீச்சர்’. பயனிலை பெயராகவோ பண்பாகவோ இருந்தால் ‘ஆம், இஸ், ஆர்’ வேண்டும் என்று கற்பிக்கலாம். ஆனால் இதைக் கற்ற மறுவாரமே சில பிள்ளைகள் ‘ஹி இஸ் கோ’ என்று எல்லா இடத்திலும் ‘இஸ்’ போடத் தொடங்கும். அது பின்னடைவு அல்ல, விதி மனத்தில் ஏறிவிட்டதற்கான அடையாளம். பயனிலை பெயரா வினையா என்று ஒவ்வொரு தொடரிலும் பிள்ளையே கேட்டுக்கொள்ளப் பழகினால் சில வாரங்களில் சரியாகிவிடும்.

‘ஏ’யும் ‘த’வும் எல்லாவற்றையும்விடக் கடினமானவை. தொடக்கத்துக்கு ஒரு வழி உண்டு. ஒரு ஊரில் ஒரு ராஜா இருந்தார். அந்த ராஜாவுக்கு ஒரு மகள். அந்த மகள்… என்று கதை சொல்லும்போது முதலில் ‘ஒரு’வும் அடுத்து ‘அந்த’வும் வருவதைப் பிள்ளை கவனிக்கட்டும். முதல் முறை ‘ஏ’, தெரிந்தபின் ‘த’. சூரியனுக்கு ஆங்கிலத்தில் ‘த’ போடுவது, ஊர்ப் பெயருக்குப் போடாதது போன்றவை இந்த வழியில் அடங்கா. அவை படிக்கப் படிக்கத்தான் கைவரும். வீட்டில் உதவுபவர் இதற்காகப் பிள்ளையைக் கடிந்துகொள்ள வேண்டியதில்லை.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். ‘காட் மெனி பீப்பல் இன் த ஷாப்’ என்பது மலாயின் ‘அடா’விலிருந்து வருவது, எழுத்தில் ‘தேர் ஆர்’ வேண்டும். ‘டிஸ்கஸ்’ என்பதற்குப் பின் ‘அபௌட்’ ஒட்டிக்கொள்வது ‘பற்றி’யின் பழக்கத்தால். இத்தகைய வினைகளை அவற்றோடு வரும் முன்னிடைச்சொல்லுடனோ, அது இல்லாமலோ, ஒரே துண்டாக மனப்பாடம் செய்வதே வழி. ‘ஐ டோன்ட் நோ வேர் டிட் ஹி கோ’ என்பதில் உள்ளே இருப்பது கேள்வி அல்ல என்பதைக் காட்டினால் போதும்.

நண்பர்களோடு பேசும்போது பிள்ளை கலப்பாங்கிலம் பேசுவதைத் தடுக்க வேண்டாம். கடையில் பேசும் ஆங்கிலம் வேறு, தாளில் எழுதும் ஆங்கிலம் வேறு என்ற தெளிவு இருந்தால் போதும். தமிழிலும் பேச்சுக்கும் எழுத்துக்கும் இடையே பெரிய இடைவெளி இருப்பதால், இந்தத் தெளிவு தமிழ்ப்பிள்ளைக்கு எளிதில் வரும்.

ஒரே கட்டுரையில் இருபது பிழை இருந்தால் இருபதையும் திருத்தக் கூடாது. அன்று ஒரு வகை. இறந்தகாலம் என்றால் இறந்தகாலம் மட்டும். பிழை உள்ள வரியின் ஓரத்தில் ஒரு புள்ளி வைத்துவிட்டு, எந்தச் சொல் என்று பிள்ளையே தேடட்டும். உரக்கப் படித்தால் பாதிப் பிழைகள் காதில் விழுந்துவிடும்.

கட்டுரை வீட்டுப்பாடம்

மேல்படிவங்களில் வீட்டுப்பாடம் பெரும்பாலும் எஸ்.பி.எம். எழுத்துத் தாளின் வடிவில் வரும். 2021 முதல் நடப்பில் உள்ள அந்தத் தாளுக்கு நேரம் ஒன்றரை மணி. ஏறத்தாழ 80 சொல்லில் ஒரு பதில் மடல், 125 முதல் 150 சொல்லில் குறிப்புகளைக் கொண்ட கட்டுரை, 200 முதல் 250 சொல்லில் விருப்பத்துக்குத் தெரிவுசெய்யும் நீண்ட எழுத்து என மூன்று பகுதிகள். ஒவ்வொன்றுக்கும் 20 மதிப்பெண். அந்த இருபதும் உள்ளடக்கம், வாசகருக்கு ஏற்ற நடை, ஒழுங்கமைப்பு, மொழி என நான்காகப் பிரிகிறது. இலக்கணப் பிழை நேராகத் தொடுவது அந்தக் கடைசி ஐந்தைத்தான். கேட்ட மூன்று குறிப்புகளில் ஒன்றை விட்டுவிடுவதும், ஆசிரியருக்கு எழுதும் மடலில் நண்பனிடம் பேசுவதுபோல் எழுதுவதும் மற்றவற்றைக் குறைக்கும். இவற்றை இலக்கணம் தெரியாதவரும் சரிபார்க்கலாம்.

மனப்பாடக் கட்டுரைகளைப் பற்றி ஒரு சொல். தமிழ்ப்பள்ளியில் முன்னுரை வாக்கியங்களை மனப்பாடம் செய்து நன்மை பெற்ற பிள்ளை ஆங்கிலத்திலும் அதையே செய்யும். தலைப்பு சற்றே மாறினால் அந்த வாக்கியங்கள் பொருந்தாமல் துருத்திக்கொண்டு நிற்கும். சொந்த அனுபவத்தில் ஐந்து எளிய தொடர்கள் எழுதுவது அதைவிட மேல். பேராக் ஆற்றங்கரையில் வெள்ளம் ஏறிய நாள், சாயோங்கில் மண்கூஜா செய்வதைப் பார்த்தது, தைப்பூசத்துக்குப் போனது போன்றவற்றுக்குப் பிள்ளையிடம் விவரம் இருக்கிறது. விவரம் இருந்தால் எழுத்து வரும்.

இலக்கிய வீட்டுப்பாடம்

ஆங்கிலப் பாடத்துக்குள் இலக்கியக் கூறு 2000ஆம் ஆண்டு முதல் இடைநிலைப்பள்ளிகளில் உள்ளது. இன்றைய எஸ்.பி.எம். ஆங்கிலத் தாளில் அதற்கெனத் தனிப்பகுதி இல்லை. அதனால் சில வீடுகளில் இலக்கியத்தைத் தள்ளிவைக்கச் சொல்கிறார்கள். இது தவறான கணக்கு. பாடநூலுக்கு வெளியே பிள்ளை முழுதாகப் படிக்கும் ஆங்கிலக் கதை அதுவாகவே இருக்கக்கூடும். படித்துப் புரிந்துகொள்ளும் திறனுக்கும் கதை எழுதும் திறனுக்கும் வேறு நல்ல ஊற்று எளிதில் கிடைக்காது. ஆங்கில இலக்கியத்தைத் தனிப்பாடமாக எடுப்பவர்களுக்கோ இது அடித்தளம்.

அயல்நாட்டு இலக்கியத்தை இந்த மண்ணின் மாணவருக்கு விளக்கும் வேலை கோலா கங்சாருக்குப் புதிதல்ல. ஆங்கில எழுத்தாளர் அந்தோனி பர்ஜஸ் 1954, 1955இல் இங்குள்ள மலாய்க் கல்லூரியில் ஆசிரியராக இருந்தார். ஜான் பர்ஜஸ் வில்சன் என்ற தம் சொந்தப் பெயரில் மாணவர்களுக்காக அவர் எழுதிய ஆங்கில இலக்கிய வரலாறு 1958இல் வெளிவந்தது. அன்று வகுப்பில் எழுந்திருக்கக்கூடிய தடைகள் இன்றும் வீட்டில் எழுகின்றன. பனிக்காலத்தைப் பார்த்திராத பிள்ளைக்குப் பனிக்காலம் முதுமையையோ இழப்பையோ குறிப்பது எப்படிப் புரியும்? பாலை நிலத்தைப் பிரிவோடும் முல்லையைக் காத்திருத்தலோடும் இணைத்த மரபு நம்முடையது. நிலமும் பருவமும் மனநிலையைச் சொல்லும் என்று அதைக் கொண்டே விளக்கலாம். அதன்பின் பனி ஒரு தடையாக இருக்காது.

தமிழ்ப்பிள்ளைக்கே உரிய வேறொரு சிக்கலும் உண்டு. தமிழ்ப்பள்ளியில் செய்யுளும் மொழியணியும் பொருளோடு மனப்பாடம் செய்யப்படுகின்றன. ஒரு செய்யுளுக்கு ஒரு பொருள். அது நூலில் அச்சாகியிருக்கும். நினைவுக்கு அது நல்ல பயிற்சிதான். ஆங்கிலக் கவிதையிலும் அதேபோல் அச்சான பொருளைத் தேடும் பிள்ளை, வழிகாட்டி நூலின் கருத்துரையை மனப்பாடம் செய்துவிட்டுக் கவிதையைப் படிக்காமலே விட்டுவிடுகிறது. இதை மாற்ற, கவிதையை முதலில் பொருள் கேட்காமல் உரக்கப் படிக்கவைக்க வேண்டும். அடுத்து யார் பேசுகிறார், யாரிடம், எங்கே, என்ன நடந்தது என்று தமிழில் சொல்லவைக்க வேண்டும். அதற்குப் பிறகுதான், எதிர்பாராத சொல் எது, அங்கே அது ஏன் வந்தது என்ற கேள்வி.

அண்மை ஆண்டுகளில் மேல்படிவ இலக்கியப் பட்டியலில் இருந்த, கவிஞர் டென்னிசனின் ‘த சார்ஜ் ஆஃப் த லைட் பிரிகேட்’ இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 1854இல் கிரீமியப் போரில், பாலக்ளாவா என்னுமிடத்தில், கட்டளை தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டு பிரிட்டிஷ் குதிரைப்படை ரஷ்யப் பீரங்கிகளை நோக்கி நேரே பாய்ந்தது. இந்தப் பின்னணியை இரண்டு நிமிடம் தமிழில் சொல்லிவிட்டால் கடினமான சொற்கள் பாதியாகக் குறையும். பிறகு மேசையில் தட்டிக்கொண்டே படிக்கச் சொல்லலாம். குதிரைக் குளம்பின் ஓட்டம் அடிகளிலேயே கேட்கும். ஓசை எப்படிப் பொருளைச் சுமக்கிறது என்ற வினாவுக்குப் பிள்ளை அப்போது சொந்தமாக விடை எழுதும். வீரர்களைப் போற்றுவதும், தவறு நடந்தது என்று சொல்வதும் ஒரே கவிதையில் இருக்க முடியும் என்பதையும் பேச வேண்டும். ஒரே பொருளைத் தேடும் பழக்கம் அங்கே தளரும்.

கதைகளில் எம்.ஜி. வசாஞ்ஜியின் ‘லீவிங்’ இந்தப் பகுதி வீடுகளுக்கு மிக நெருக்கமானது. தான்சானியாவின் தார் எஸ் சலாமில், கணவரை இழந்து, கடை நடத்திப் பிள்ளைகளை வளர்த்த ஓர் இந்திய வம்சாவளித் தாய். படிப்பில் கெட்டிக்கார மகனுக்கு அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்கிறது. அனுப்புவதா வேண்டாமா? தோட்டத்தை விட்டு, ஊரை விட்டு, பினாங்குக்கும் கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் பிள்ளைகளை அனுப்பிய குடும்பங்களுக்கு இந்தக் கதையின் தாயை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. வீட்டில் யாராவது அப்படிப் போயிருந்தால் அதைப் பேசிவிட்டுக் கதைக்குள் நுழையலாம்.

அந்த நெருக்கமே ஓர் ஆபத்தையும் கொண்டுவருகிறது. தாய் எப்படிப்பட்டவர் என்ற வினாவுக்குப் பிள்ளை தன் அம்மாவைப் பற்றி எழுதிவிடும். ஒவ்வொரு கருத்துக்கும் கதையில் எந்த இடம் சான்று என்று விரலை வைத்துக் காட்டச் சொல்ல வேண்டும். கருத்து, சான்று, அந்தச் சான்று எப்படிக் கருத்தைக் காட்டுகிறது என்ற விளக்கம் மூன்றும் இருந்தால் விடை நிறைவாகும். பிள்ளைகள் பெரும்பாலும் முதல் இரண்டோடு நின்றுவிடுவார்கள். ‘அதனால்?’ என்று ஒருமுறை கேட்டால் மூன்றாவதும் வரும். கதையை வேறொருவர் கோணத்தில் திருப்பிச் சொல்லச் சொல்வதும் பயன் தரும். மகனின் குரலில் சொன்னால் அம்மா எப்படித் தோன்றுவார் என்று யோசிக்கும் பிள்ளை, இந்தக் கதையை உடன்பிறந்த ஒருவரின் குரலில் ஆசிரியர் ஏன் சொன்னார் என்பதையும் கண்டுபிடித்துவிடும்.

அகராதியும் கைபேசியும்

தெரியாத சொல் ஒவ்வொன்றையும் தேடினால் கதை செத்துவிடும். ஒரு பக்கத்தில் பொருளைத் தடுக்கும் மூன்று நான்கு சொற்களை மட்டும் பார்க்கலாம். ஆங்கிலம்–மலாய் அகராதி பள்ளிக்கு உதவும். தமிழில் சொல்லிப்பார்ப்பது ஆழமாகப் பதியும். கைபேசியில் முழுப் பத்தியையும் மொழிபெயர்த்துப் படிப்பதும், விடையை இயந்திரத்திடம் கேட்டு எழுதுவதும் அண்ணன் விடையைச் சொல்லி எழுதவைப்பதைப் போன்றதே: நோட்டு நிரம்பும், பிள்ளைக்கு எதுவும் சேராது. எழுதி முடித்த தொடரைச் சரிபார்க்கப் பயன்படுத்தலாம். அப்போதும் என்ன மாறியது, ஏன் மாறியது என்று பிள்ளை சொல்ல வேண்டும்.

உதவுபவருக்கே விடை தெரியாத இடம் கட்டாயம் வரும். ஊகித்துச் சொல்லக் கூடாது. நோட்டின் கடைசிப் பக்கத்தில் அந்த ஐயத்தைப் பிள்ளையே ஒரு கேள்வியாக ஆங்கிலத்தில் எழுதி, நாள் குறித்து, மறுநாள் ஆசிரியரிடம் கேட்கட்டும். பள்ளிக்குப் பெற்றோர் போகும் நாளில் அந்தக் கடைசிப் பக்கத்தையும், மாதம் முழுதும் ஓரத்தில் வைத்த புள்ளிகளையும் ஆசிரியரிடம் காட்டினால், அடுத்த மாதம் எந்த வகைப் பிழையை வீட்டில் பார்ப்பது, எதை வகுப்புக்கு விடுவது என்று இருவரும் பேசி முடிவுசெய்யலாம்.